104 சதவீதமா, 78 சதவீதமா? குழந்தைகளின் தடுப்பூசி விகிதத்தைச் சரியாக அளப்பது

ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் பிறந்த குழந்தைகளுள் 104 சதவீதத்தினருக்கு முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி மூன்றையும் தடுப்பது) மூன்றாம் தவணை போடப்பட்டுவிட்டதாகச் சுகாதார நிலையங்களின் அறிக்கை சொல்கிறது. அதே குழந்தைகளைப் பற்றி வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பு 78 சதவீதம் என்கிறது. இவற்றுள் எதை நம்புவது, உண்மையான விகிதத்தை அறிய வழி இருக்கிறதா என்பது கேள்வி. நூறு குழந்தைகளில் நூற்று நான்கு பேருக்கு ஊசி போட முடியாது என்பதால், முதல் எண்ணைப் பொய்யென்று தள்ளிவிட்டு இரண்டாவதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தோன்றும். அது அவசர முடிவு. ஒருவர்கூடப் பொய் சொல்லாமலே 104 என்ற எண் வந்துவிடலாம். 78 என்ற எண்ணும் தனக்கே உரிய குறைகளோடுதான் வருகிறது. இரண்டும் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்த பிறகே அவற்றை எடைபோட முடியும்.

அறிக்கை வழியாக வரும் விகிதம் ஓர் எளிய பின்னம். மேல் எண், போடப்பட்ட தவணைகளின் எண்ணிக்கை. கீழ் எண், அந்தத் தவணையைப் பெறவேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை. ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்து, இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு 8,000 குழந்தைகள் பிறப்பார்கள் என்றும், அவர்களுள் 7,760 பேர் ஓராண்டு உயிர்வாழ்வார்கள் என்றும் திட்ட அலுவலகம் கணித்திருக்கிறது. நிலையங்கள் போட்ட மூன்றாம் தவணைகள் 8,070. வகுத்தால் 104 சதவீதம். உண்மையில் அந்த ஆண்டு பிறந்தவர்கள் 10,000 பேர். உயிரோடு ஓராண்டை நிறைவு செய்தவர்கள் 9,700 பேர். இந்தக் கீழ் எண்ணால் வகுத்தால் விகிதம் 83 சதவீதமாக இறங்கிவிடுகிறது. போடப்பட்ட 8,070 தவணைகளில் 500 தவணைகள் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்த குழந்தைகளுக்கும் ஒரு வயதைக் கடந்த குழந்தைகளுக்கும் போனவை என்றால், எஞ்சுவது 7,570. விகிதம் 78 சதவீதம். எந்தச் செவிலியரும் ஒரு கோடுகூடக் கூடுதலாக இழுக்கவில்லை. ஆனாலும் 26 புள்ளிகள் இடைவெளி விழுந்துவிட்டது.

அறிக்கைக் கணக்கில் எனக்கு மிகுந்த கவலை தருவது கீழ் எண்தான். மேல் எண்ணை எழுதுபவர் குழந்தையைக் கண்ணால் பார்க்கிறார். கீழ் எண்ணை எழுதுபவரோ பெரும்பாலும் தொலைவில் உள்ள ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆண்டு வளர்ச்சி வீதத்தால் பெருக்கிக்கொண்டு வருகிறார். நாடு முழுமைக்கும் இந்த முறை ஓரளவு பொருந்தும். ஒரு வட்டத்துக்கோ ஒரு சுகாதார நிலையத்தின் எல்லைக்கோ இறங்கும்போது அது உடைந்துபோகிறது. வேலை தேடி மக்கள் குவியும் நகர்ப்புறத்தில் குழந்தைகள் கணிப்பைவிடக் கூடுதலாக இருப்பார்கள். அவர்கள் விட்டுவந்த கிராமத்தில் குறைவாக இருப்பார்கள். ஒரு பெரிய மருத்துவமனை உள்ள ஊரில் 130 சதவீதமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களில் 70 சதவீதமும் பதிவானால், முன்னது சாதனையும் அல்ல, பின்னது அலட்சியமும் அல்ல. பிள்ளைகள் அங்கே போய் ஊசி போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இதைத் தவிர, பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசிக்கு உயிருடன் பிறந்தவர்களின் எண்ணிக்கையும், பின்னர் வரும் தவணைகளுக்கு உயிர்வாழும் குழந்தைகளின் எண்ணிக்கையும் கீழ் எண்ணாக அமைய வேண்டும். குழந்தை இறப்பு கூடுதலாக உள்ள இடங்களில் இவற்றைக் குழப்பிக்கொள்வதே சில புள்ளிகள் பிழையைத் தந்துவிடும்.

கீழ் எண் நம்பத்தகாதது என்று உணர்ந்தவர்கள் சில வேளைகளில் ஒரு குறுக்குவழியைத் தேடுகிறார்கள்: பி.சி.ஜி. அல்லது முதல் தவணை பெற்றவர்களின் எண்ணிக்கையையே கீழ் எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள். கணக்கு அழகாக நூற்றுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு முறைகூட நிலையத்தின் வாசலை மிதிக்காத குழந்தை அந்தக் கணக்கிலிருந்து அடியோடு மறைந்துவிடுகிறது. மேல் எண்ணிலும் இல்லை, கீழ் எண்ணிலும் இல்லை. யாரைத் தேடுவதற்காக இந்த விகிதத்தைக் கணக்கிடுகிறோமோ, அவரையே கணக்குக்கு வெளியே நிறுத்திவிடும் இந்த வழியை, தொடங்கியவர்கள் எத்தனை பேர் முடித்தார்கள் என்று அறிய மட்டும் பயன்படுத்தலாம். மக்களில் எத்தனை பேரை எட்டினோம் என்று சொல்லப் பயன்படுத்தக் கூடாது.

மேல் எண்ணின் கதை வேறு. முகாம் நாளில் செவிலியர் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கோடு போடுகிறார். ஐந்து கோடுகள் ஒரு கட்டு. மாத இறுதியில் அந்தக் கட்டுகள் கூட்டப்பட்டு மாத அறிக்கையாகி, மேலே மேலே ஏறுகின்றன. ஒவ்வொரு படியிலும் ஓர் எண் தவறாகப் படிக்கப்படலாம். ஒரு நிலையத்தின் அறிக்கை தாமதமாகலாம். வராத அறிக்கை ‘பூஜ்யம்’ என்று பதிவாகலாம். தனியார் மருத்துவமனையில் போடப்பட்ட ஊசி கணக்கில் சேராமல் போவதால் விகிதம் குறையும். சிறப்பு முகாமில் எல்லா வயதினருக்கும் கொடுத்த சொட்டு மருந்து வழக்கமான தவணையோடு கலந்துவிட்டால் விகிதம் கூடும்.

இலக்கும் ஊக்கத்தொகையும் சேரும்போது இன்னொரு அழுத்தம் வருகிறது. ஏழை நாடுகளின் தடுப்பூசித் திட்டங்களுக்கு நிதி உதவும் பன்னாட்டு அமைப்பான கவி கூட்டமைப்பு தன் தொடக்க ஆண்டுகளில், கூடுதலாகத் தடுப்பூசி பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் வீதம் நாடுகளுக்கு வழங்கியது. நாடுகள் அனுப்பிய எண்ணிக்கையைக் கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, அதிகாரபூர்வ எண்கள் உண்மை முன்னேற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதை எடுத்துக்கூறியது. இதைக் களப்பணியாளர்களின் நேர்மைக் குறைவாக மட்டும் படிப்பது நியாயமற்றது. எண் குறைந்தால் கண்டிப்பும் எண் கூடினால் பாராட்டும் கிடைக்கும் இடத்தில், ஐயத்துக்குரிய ஒரு கோடு எந்தப் பக்கம் விழும் என்பது முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

அந்தக் கொடை முறையிலேயே ஒரு தணிக்கையும் இருந்தது. நிலையத்தில் உள்ள பதிவேட்டையும் கோடு போட்ட தாள்களையும் மீண்டும் எண்ணி, அந்தக் கூட்டுத்தொகையை மேலே அனுப்பப்பட்ட எண்ணால் வகுப்பார்கள்; விடை 0.80க்குக் கீழே இருந்தால் அந்த நாட்டின் அறிக்கைமுறை தேறவில்லை என்று பொருள். பயனுள்ள சோதனைதான். ஆனால் அது தாளைத் தாளோடு ஒப்பிடுகிறதே தவிர, தாளைக் குழந்தையோடு ஒப்பிடுவதில்லை. அதைவிட மலிவான சில சோதனைகளை எந்த மாவட்ட அலுவலரும் தன் மேசையிலிருந்தே செய்துவிடலாம். ஒரே வருகையில் கொடுக்கப்படும் முத்தடுப்பு ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மருந்துத் தட்டுப்பாடு எதுவும் இல்லாமலே இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் ஏதோ தவறு. ஓராண்டுக் கணக்கில் மூன்றாம் தவணை பெற்றவர்கள் முதல் தவணை பெற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புவதே முறை. குப்பிகளின் கணக்கும் சாட்சி சொல்லும். தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைத்த பிறகு ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், பத்துத் தவணைக் குப்பியில் ஓரளவு வீணாவது இயல்பு. திறந்த குப்பிகளில் இருக்கக்கூடிய தவணைகளைவிடப் போட்டதாக எழுதப்பட்ட தவணைகள் கூடுதலாக இருந்தால், அதற்கு நல்ல விளக்கம் எதுவும் இருக்க முடியாது.

இனி, வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பு. கீழ் எண்ணைப் பற்றிய மேற்கண்ட தொல்லை இதில் இல்லை; தேர்ந்தெடுத்த வீடுகளில் 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் ஊசி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 1974ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிய பின், பெரியம்மை ஒழிப்புக் காலத்து அனுபவத்திலிருந்து எடுத்த ஓர் எளிய முறை உலகெங்கும் பரவியது: 30 ஊர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 7 குழந்தைகளைப் பார்ப்பது, மொத்தம் 210 குழந்தைகள். ஒரே ஊரில் உள்ள குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், இந்த 210 பேர் தரும் தகவல் சிதறித் தேர்ந்தெடுத்த 105 பேர் தரும் தகவலுக்கே ஈடாகும் என்று கொண்டால், விடையில் ஏறத்தாழ 10 புள்ளிகள் மேலும் கீழும் ஐயம் இருக்கும். அந்த முறையே அவ்வளவு துல்லியத்துக்காகத்தான் வகுக்கப்பட்டது. ஆகவே, இத்தகைய சிறு கணக்கெடுப்பிலிருந்து வந்த 78க்கும் அடுத்த முறை வரும் 82க்கும் இடையே முன்னேற்றம் நிகழ்ந்ததாகக் கொண்டாடுவது தவறு.

அந்தப் பழைய முறையின் பெரிய பலவீனம் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருந்தது. கணக்கெடுப்பவர் ஊர் நடுவில் நின்று ஒரு புட்டியையோ பேனாவையோ சுழற்றி, அது காட்டும் திசையில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து அடுத்தடுத்த வீடுகளுக்குப் போய் ஏழு குழந்தைகள் கிடைத்ததும் நிறுத்திக்கொள்வார். ஊர் நடுவில் உள்ள வீடுகளுக்கு வாய்ப்பு கூடுதல். பூட்டிய வீடு தாண்டப்பட்டுவிடும். ஊரின் விளிம்பில் தனித்திருக்கும் குடிசைகளுக்கு வாய்ப்பு குறைவு. 2018ஆம் ஆண்டில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு, ஒவ்வொரு வீட்டுக்கும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது. வீடுகளை முதலில் பட்டியலிட்டு அதிலிருந்து எடுக்க வேண்டும், பூட்டிய வீட்டுக்கு மீண்டும் மீண்டும் போக வேண்டும், அதற்குப் பதில் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது. செலவு கூடும், ஆனால் பகலில் பூட்டியிருக்கும் வீடுகள் பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குப் போகும் வீடுகளாகவே பெரும்பாலும் இருக்கும், அந்தக் குழந்தைகளின் தவணைகளே தவறியிருக்க வாய்ப்பு கூடுதல் என்பதை நினைத்தால் அந்தச் செலவு வீணல்ல.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு வரும் சிக்கலை நான் இன்னும் பெரிதாகக் கருதுகிறேன்: சான்று எது? தடுப்பூசி அட்டை இருந்தால், அதில் உள்ள தேதிகளை எழுதிக்கொள்ளலாம். அட்டை இல்லாவிட்டால் தாயின் நினைவே சான்று. ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பல வருகைகளில், ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசிகளும் சொட்டு மருந்துமாகப் போடப்பட்டிருக்கும் நிலையில், முத்தடுப்பு ஊசி இரண்டு முறையா மூன்று முறையா என்று கேட்டால், எவ்வளவு அக்கறையுள்ள தாயும் தடுமாறத்தான் செய்வார். சிலர் கேட்பவர் மகிழும்படி ‘எல்லாம் போட்டாச்சு’ என்கிறார்கள். சிலருக்கு வீட்டுக்கு வந்து கொடுத்த முகாம் சொட்டு மருந்தும் நிலையத்தில் கொடுத்த தவணையும் ஒன்றாகத் தெரிகிறது. சிலர் உண்மையில் போட்ட ஊசியையே மறந்துவிடுகிறார்கள். நினைவு எப்போதும் கூட்டிச் சொல்லும் என்றோ குறைத்துச் சொல்லும் என்றோ பொதுவிதி வகுக்க முடியாது. இடத்துக்கு இடம், தடுப்பூசிக்குத் தடுப்பூசி மாறுகிறது. அதனால் அதை ஒரே எண்ணால் பெருக்கித் திருத்திவிடவும் முடியாது.

அட்டையும் குற்றமற்றது அன்று. தேதி இல்லாமல் வெறும் குறி மட்டும் போட்டிருப்பார்கள். அடுத்த வருகைக்கான தேதியைப் போடப்பட்ட தேதியாகக் கணக்கெடுப்பவர் எழுதிக்கொள்வார். புதிய அட்டை கொடுத்தபோது பழைய தவணைகளை ஏற்றாமல் விட்டிருப்பார்கள். கணக்கெடுப்பவர் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு வந்தால், பின்னர் இன்னொருவர் சரிபார்க்கலாம். அட்டை இல்லாத குழந்தைக்கு நிலையத்தின் பதிவேட்டில் தேடுவது இன்னும் நல்லது. அமெரிக்காவில் 1994 முதல் நடந்துவரும் தேசியத் தடுப்பூசிக் கணக்கெடுப்பு இதே கொள்கையில் அமைந்தது: பெற்றோரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, அவர்கள் இசைவுடன் மருத்துவரின் பதிவேட்டிலிருந்து தேதிகளைப் பெற்று, அதையே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தக் கணக்கெடுப்பு முடிவைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, எத்தனை சதவீதக் குழந்தைகளின் அட்டை நேரில் பார்க்கப்பட்டது என்ற வரியைத்தான். பத்தில் எட்டு அட்டைகள் பார்க்கப்பட்ட 78 ஒன்று. பத்தில் மூன்று மட்டுமே பார்க்கப்பட்ட 78 வேறொன்று.

அட்டையில் தேதிகள் கிடைத்துவிட்டால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைக்கிறது: போட்ட தவணை செல்லுமா? முத்தடுப்பு ஊசியின் முதல் தவணை ஆறு வாரத்துக்கு முன் போடப்படக் கூடாது. தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் விகிதம் சற்றுக் குறையும். தாமதத்தைப் பார்த்தால் நிலைமை இன்னும் கவலை தரும். கக்குவான் இருமல் மிகக் கொடியதாக இருப்பது முதல் சில மாதங்களில். மூன்று தவணைகளையும் தாமதமாகத் தொடங்கிப் பதினோராம் மாதத்தில் முடித்த குழந்தை விகிதத்தில் முழுமையாகச் சேர்ந்துவிடும், ஆனால் ஆபத்தான காலத்தைப் பாதுகாப்பின்றியே கடந்திருக்கும்.

தாளும் வேண்டாம், நினைவும் வேண்டாம், இரத்தத்தைச் சோதித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவுக்கு அது உதவும். இரண ஜன்னி வந்து பிழைத்தவருக்குக்கூட அந்த நோயால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. ஆகவே தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மறைந்த வயதில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தால், அது தடுப்பூசியால் வந்தது என்று கொள்ளலாம். தட்டம்மையில் இது இயலாது. நோய் வந்து போனவருக்கும் ஊசி போட்டவருக்கும் சோதனை ஒரே விடையைத் தரும். எதிர்ப்பொருள் காலப்போக்கில் குறைவதாலும், ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி நூற்றில் ஏறத்தாழ 85 பேருக்கே பயன் தருவதாலும், எதிர்ப்பொருள் இல்லை என்பது ஊசி போடவில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆக, இரத்தச் சோதனை விகிதத்தை அளக்கும் கருவி என்பதைவிட, மற்றக் கருவிகள் முரண்படும்போது அழைக்க வேண்டிய சாட்சி என்பதே பொருத்தம்.

பிறந்த அன்றே ஒவ்வொரு குழந்தையையும் பெயரோடு பதிவு செய்யும் மின்னணுப் பதிவேடு வந்துவிட்டால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நல்ல பதிவேட்டுக்கு ஈடு இல்லை என்பது என் கருத்தும்கூட. ஆனாலும் ஒரே குழந்தை இரண்டு பெயரில் பதிவானால், ஒரு பதிவில் தவணைகள் முடிந்திருக்கும், மற்றொன்றில் காலியாகக் கிடக்கும். ஊரைவிட்டுப் போன குழந்தை கீழ் எண்ணில் தங்கிவிடும். 1996இல் தொடங்கிய ஆஸ்திரேலியப் பதிவேட்டில், மூன்றாம் தவணை பதிவாகியிருந்தால் முதல் இரண்டும் போடப்பட்டிருக்கும் என்று கொள்ளும் விதி வைத்திருந்தார்கள்; பதிவு விட்டுப்போவதைச் சமாளிக்க அது தேவைப்பட்டது. இத்தகைய விதிகள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கும் வரை தவறில்லை.

உலக அளவில் இந்த முரண்பட்ட எண்களை ஆண்டுதோறும் ஒருங்கே வைத்து எடைபோடும் பணியை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து செய்கின்றன. நாடு அனுப்பிய அறிக்கையையும் கணக்கெடுப்பு முடிவையும் ஒப்பிட்டு, நல்ல கணக்கெடுப்பு இருந்து வேறுபாடும் பெரிதாக இருந்தால் கணக்கெடுப்பின் பக்கம் சாய்கின்றன. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் எவ்வளவு நம்பலாம் என்று ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை இடுகின்றன. நைஜீரியாவில் 2016–17 தேசியக் கணக்கெடுப்பு மூன்றாம் தவணையை வெறும் 33 சதவீதம் என்று காட்டியபோது, அதுவரை வந்துகொண்டிருந்த உயர்ந்த அறிக்கை எண்கள் நிலைகுலைந்தன. அந்த நாடு 2017இல் வழக்கமான தடுப்பூசிக்கென்றே ஓர் அவசரகால ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தியது. கசப்பான எண்ணை மறைக்காமல் அதன்மேல் செயல்பட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். 2024ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் மூன்றாம் தவணை 85 சதவீதம். முதல் தவணைகூடப் பெறாத குழந்தைகள் ஒரு கோடியே 43 லட்சம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 13 கோடிக் குழந்தைகள் பிறப்பதால், ஒரு புள்ளிப் பிழை என்றாலே ஏறத்தாழ 13 லட்சம் குழந்தைகள்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த 78, வீடுகளைப் பட்டியலிட்டுத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலான அட்டைகளை நேரில் பார்த்து எடுத்ததாக இருந்தால், மாவட்டத்தின் நிலையைச் சொல்ல அதையே நம்புவேன். ஐயத்தின் எல்லையையும் சேர்த்தே சொல்வேன். ஆனால் 104ஐக் குப்பையில் போடமாட்டேன். கணக்கெடுப்பு ஓராண்டுக்கு முந்தைய சேவையைப் பற்றிப் பேசுகிறது. இந்த மாதம் எந்த நிலையத்தில் ஊசி குறைந்தது என்று சொல்லக்கூடியது அறிக்கை மட்டுமே. கீழ் எண் தவறாக இருந்தாலும், ஒரே நிலையத்தின் மேல் எண் மாதத்துக்கு மாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது பயன் தரும். மாவட்டச் சராசரி ஒன்றே போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டம்மை பரவாமல் தடுக்க ஏறத்தாழ 95 சதவீதத்தினருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். சராசரி 90 என்றாலும், விடுபட்டவர்கள் ஒரே குடியிருப்பில் திரண்டிருந்தால் நோய் அங்கே புகுந்துவிடும்.

அடுத்துச் செய்யவேண்டியது, இரண்டு எண்களும் தொடாத இடத்தைத் தேடுவது. கணக்கெடுப்புக்கான வீட்டுப் பட்டியலும் பழைய வரைபடத்திலிருந்துதான் வருகிறது. அதற்குப் பின் முளைத்த குடியிருப்பு, செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், கால்நடையோடு இடம் பெயர்வோரின் தங்குமிடம் ஆகியவை அதிலும் இருக்கமாட்டா. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கூரைகளை நிலையத்தின் எல்லை வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்த நிலையத்தின் பொறுப்பிலும் இல்லாத கூரைகளைக் குறித்துக்கொண்டு, அங்கே நேரில் போய், ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் எழுதி, அந்தப் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாத பெயர்களின் எண்ணிக்கையை 104க்குக் கீழேயும் 78க்குக் கீழேயும் தனி வரியாக எழுதி அனுப்புமாறு அந்த மாவட்டத்தைக் கேட்டுக்கொள்வேன்.